சங்கம்பாறை உண்மைச் செய்திகள்

அந்தப் பேப்பரைக் கொஞ்சம் மடிச்சுப் பிடிங்க தம்பி, விலாவுல குத்துது. இல்ல, எனக்கு வேண்டாம். படிக்கிறதுக்காகக் கேக்கலை. அதுல எங்க ஊரு இருக்காது. முன்பக்கத்துல இருந்து சினிமாப் பக்கம் வரைக்கும் புரட்டிப் பாருங்க, சங்கம்பாறைன்னு ஒரு வார்த்தை இருந்தா நான் இந்தப் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே வர்றேன். இருந்துச்சு ஒரு தடவை. போன கார்த்திகையில. முன்பக்கத்துலயே, கொட்டை எழுத்துல. நீங்களும் படிச்சிருப்பீங்க. படிச்சுட்டு, "என்ன மாதிரி ஜனங்கடா இவனுக"ன்னு சொல்லியிருப்பீங்க. எல்லாரும் அப்படித்தான் சொன்னாய்ங்க.

ஆமா, அந்த ஊருதான். அதுக்கு ஏன் தள்ளி உக்காருறீங்க. நான் யாரையும் அடிக்கலை. ஒரு விரலை வைக்கலை. எந்தக் கோயில்ல வேணாலும் சொல்லுவேன்.

என் பேரு சோலையப்பன். ஊர்ல மாவு மில் வச்சிருக்கேன். இப்ப ஆலம்பாடி ஸ்டேஷனுக்குக் கையெழுத்துப் போடப் போறேன். நிபந்தனை ஜாமீன். தினமும் காலையில போய் அந்த ஏட்டு முன்னாடி நிக்கணும். அவன் என் மகன் வயசு. "உக்காரு"ன்னு சொல்ல மாட்டான். இதுக்காக மில்லைப் பூட்டிட்டு, ஓடையில இறங்கி ஏறி, கூட்டுரோடு வரைக்கும் நடந்து வந்து, இந்தப் பஸ்ஸைப் பிடிக்கிறேன். "ஏன், உங்க ஊருக்குள்ள பஸ் இல்லையா"ன்னு நீங்க கேக்கலாம். கேக்க மாட்டீங்க. அதைத்தான் ஒரு பயலும் கேக்கலை.

இருந்துச்சு தம்பி. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. காலை பஸ்ஸுலதான் பேப்பர் கட்டு வரும். ஒரு வருசம் மழையில ஓடைத் தரைப்பாலம் பேந்து போச்சு. பஸ் நின்னுச்சு. பஸ் நின்னதும் பேப்பர் நின்னுச்சு. பாலம் போன சேதி பேப்பர்ல வந்துச்சா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. பேப்பர் வந்தாத்தானே பாக்க. அப்படி ஒரு நிலைமை யாருக்காவது உண்டா? எங்க கதை எங்களைத் தவிர எல்லாருக்கும் தெரியுமோ, இல்லை யாருக்குமே தெரியாதோ, அதுவும் தெரியலை. யாருக்குமே தெரியலைன்னு பெறகுதான் புரிஞ்சுச்சு.

எப்படிப் புரிஞ்சுச்சுன்னா, எங்க அண்ணன் மக செவ்வந்தி. அண்ணன் செத்த பெறகு நான் முன்ன நின்னு கட்டிக் கொடுத்த புள்ள. மாப்பிள்ளை திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்காப்ல. தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வந்திருந்தா. அந்தக் கார்த்திகைக்கு முந்தின வருசம் ஐப்பசி, அடைமழை. வலி எடுத்துருச்சு. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டோம். வந்துச்சு, இல்லைங்கலை. ஓடைக்கு அந்தக் கரையில வந்து நின்னுக்கிட்டு லைட்டைச் சுத்தவிட்டுக்கிட்டே இருந்துச்சு. இந்தக் கரையில நாங்க. நடுவுல தண்ணி. மூங்கில் கம்புல சேலையைக் கட்டி, டோலி மாதிரி ஆக்கி, அவளை அதுல படுக்கவச்சுத் தூக்கிக்கிட்டு இறங்கினோம். முன்கம்பு என் தோள்ல. தண்ணி இடுப்புக்கு வந்துச்சு. அவ கத்தலை. "சித்தப்பா, கால் வழுக்குதா, பாத்து"ன்னு எனக்குச் சொல்றா.

புள்ள தங்கலை. ஆண் குழந்தை. முழுசா வளர்ந்த குழந்தை.

அன்னைக்கு நினைச்சேன், நாளைக்கு நாலு பேப்பர்க்காரன் வருவான், பாலம் எங்கடான்னு கேப்பான்னு. ஒருத்தனும் வரலை. ஒரு நாய் வரலை. ஆலம்பாடியில எவனோ நடிகன் துணிக்கடை திறக்க வந்தான், அது கூட்டுரோட்டு டீக்கடைப் பேப்பர்ல வந்துச்சு படத்தோட. எங்க புள்ள வரலை.

அதுல இருந்து எழுதினேன் தம்பி. கலெக்டருக்கு எழுதினேன், எம்.எல்.ஏ.வுக்கு எழுதினேன். அதையெல்லாம் விட, பேப்பர் ஆபீஸுகளுக்கு எழுதினேன். "ஐயா, எங்க ஊருக்கு வாங்க, ஓடையைப் பாருங்க, புள்ளைக எப்படிப் பள்ளிக்கூடம் போகுதுன்னு பாருங்க." அடியில "சோலையப்பன், மாவு மில், சங்கம்பாறை"ன்னு கையெழுத்து. எந்த ஆபீஸ்ல இருந்தும் பதில் இல்லை. படிக்காம கிழிச்சிருப்பாய்ங்க. கடலை பொட்டலம் கட்டியிருப்பாய்ங்க.

சரி, நீங்க வர மாட்டீங்கல்ல, எங்க செய்தியை நாங்களே பாத்துக்கிறோம்னு ஆரம்பிச்சதுதான் அந்தக் குழு. பாலம் வரலை, ஆனா செல்போன் டவர் வந்துருச்சு. அது எப்படின்னு என்னைக் கேக்காதீங்க. வாட்ஸப்ல குழு போட்டேன். "சங்கம்பாறை உண்மைச் செய்திகள்." பேரு நான்தான் வச்சேன். ஊரே அதுல இருந்துச்சு. பக்கத்து நாவலூத்து, கரட்டுப்பட்டி ஆளுகளும் சேந்தாய்ங்க. ரேஷன் கடையில இன்னைக்குச் சீனி உண்டா, கரண்ட் எப்ப வரும், குழாய்த் தண்ணி எந்தத் தெருவுக்கு, யாரு வீட்டுல சாவு, துட்டி, எல்லாம் அதுல வரும். மில்லுல மிளகாய் அரைபட்டுக்கிட்டு இருக்கும், நான் ஒரு கையால மூட்டையைச் சாய்ப்பேன், ஒரு கையால செய்தி போடுவேன். "சோலையப்பண்ணன் போட்டாச்சா? அப்ப நெசம்"பாய்ங்க. அந்தப் பேரு சும்மா வரலை தம்பி. ஒத்தப் பைசா வாங்கினதில்லை. அதை எந்தக் கோர்ட்டுலயும் யாரும் சொல்லலை.

இப்ப அந்த நாளுக்கு வர்றேன். நீங்க படிச்ச அந்த நாளுக்கு.

காலையில மில்லுல நல்ல நெரிசல். கார்த்திகை தீபத்துக்கு மாவு திரிக்க ஊர்ப் பொம்பளைக பூரா நிக்கிறாய்ங்க. மேல்நிலைப் பள்ளிக்கூடம் கூட்டுரோட்டுல இருக்கிறதால பெரிய புள்ளைக ஓடையைத் தாண்டித்தான் போகணும். மில் வாசல்ல நின்னா ஓடைக்கரை தெரியும். பாக்குறேன், ஒரு ஆளு. முன்னப் பின்ன பாக்காத ஆளு. நாப்பது, நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். ஒரு பழைய மொபெட் அக்கரையில நிக்குது. கழுத்துல கேமரா. புள்ளைக பையைத் தலையில வச்சுக்கிட்டு, கையைக் கோத்துக்கிட்டுத் தண்ணியில இறங்குதுக, இந்த ஆளு குனிஞ்சு குனிஞ்சு படம் எடுக்கிறாரு. எடுத்து முடிச்சுட்டு, பையில இருந்து கடலைமிட்டாயை எடுத்துப் புள்ளைகளுக்குக் கொடுக்கிறாரு.

நீங்களா இருந்தா என்ன நினைப்பீங்க? உண்மையைச் சொல்லுங்க.

"போய் யாருன்னு கேட்டிருக்கலாம்ல"ன்னு இப்ப எல்லாரும் சொல்றாய்ங்க. இன்ஸ்பெக்டரும் அதைத்தான் சொன்னாரு. "உன் மில்லுக்கும் ஓடைக்கும் எம்புட்டுத் தூரம்யா? கூப்பிட்டாக் கேக்குமே." கேக்கும்தான். ஆனா மில்லு ஓடிக்கிட்டு இருக்கு, கல்லு சூடேறிக் கிடக்கு, விட்டுட்டுப் போக முடியுமா? மில் நடத்தினவனுக்குத்தான் அது தெரியும். நான் என் பொறுப்பைச் செஞ்சேன். இருந்த இடத்துல இருந்து ஒரு படம் எடுத்தேன். குழுவுல போட்டேன். என்ன போட்டேன்னு கேளுங்க, மனப்பாடமா இருக்கு, அத்தனை தடவை ஸ்டேஷன்ல படிக்க வச்சாய்ங்க. "ஓடைக்கரையில் புது ஆள் ஒருத்தர் கேமராவோட நிற்கிறார். பள்ளிப் பிள்ளைகளைப் படம் எடுக்கிறார். மிட்டாய் கொடுக்கிறார். தெரிந்தவர்கள் சொல்லவும்." இதுல என்ன தப்பு? "நிற்கிறார்"னுதான் போட்டிருக்கேன். "நிற்கிறான்"னு கூடப் போடலை. மரியாதையாத்தான் போட்டேன்.

யாரும் ஒண்ணும் சொல்லலை. நானும் வேலையில மறந்துட்டேன். மத்தியானம் சாப்பிட உக்காந்தேன், போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. நாவலூத்துக் குழுவுல இருந்து ஒரு சேதி. ஒரு குழந்தை படம், கையைக் கட்டிப்போட்டு, வாயில துணி. அடியில, "சங்கம்பாறையில் பிள்ளை பிடிக்கும் கும்பல். கேமரா, மிட்டாயுடன் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுகிறது. மாலை பள்ளி விடும் நேரத்தில் தூக்கத் திட்டம். உடனே பகிரவும்." சாப்பாட்டை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சேன். ஏன்னா, நானும் கேமராவைப் பாத்தேன், நானும் மிட்டாயைப் பாத்தேன். நான் இங்க பாத்ததை அங்க எவனோ அப்படியே சொல்றான். ரெண்டு பக்கத்துல இருந்து ஒரே சேதி வந்தா அது நெசமா இல்லையா? நான் அந்த நாவலூத்துச் சேதியை எடுத்து எங்க குழுவுல போட்டேன். மேல ஒரே ஒரு வரி சேத்தேன். "நானும் நேரில் பார்த்தேன். சோலையப்பன்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கிறாரு தம்பி. அந்த ஸ்டேஷன்ல, அத்தனை பேரு முன்னாடி. "யோவ், நீ காலையில போட்டதுதான்யா ஊர் ஊராச் சுத்தி, கையும் காலும் முளைச்சு, மத்தியானம் உன்கிட்டயே வந்திருக்கு. உன் சேதிக்கு நீயே சாட்சி சொல்லியிருக்க." அது எப்படி சார் என்னோடதாகும்னு கேட்டேன். நான் "ஒருத்தர்"னு போட்டேன், இது "கும்பல்"னு சொல்லுது. நான் குழந்தை படம் போடலை, இதுல குழந்தை படம் இருக்கு. வேற சேதி சார், வேறன்னு சொன்னேன். அவர் தலையில அடிச்சுக்கிட்டாரு. மெத்தப் படிச்சவங்களுக்கு நம்ம சொல்றது எங்க ஏறப்போகுது.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுற நேரம். நான் போறதுக்குள்ள ஓடைக்கரையில கூட்டம் நிக்குது. நாவலூத்துக்காரனுக பைக்ல வந்திருக்காய்ங்க. எங்க ஆளுக வேற. அந்த ஆளு அங்கதான் நிக்கிறாரு, புள்ளைக திரும்பி வர்றதையும் படம் எடுக்கணும்னு காலையில இருந்து காத்துக் கிடந்திருக்காரு. அது பெறகுதான் தெரியும். கேமராவைப் புடுங்கித் தண்ணியில எறிஞ்சுட்டாய்ங்க. சட்டை கிழிஞ்சு தொங்குது. ஒரு காது கிழிஞ்சு ரத்தம். அந்த ஆளு ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டுறாரு.

"ஐயா, என் பேரு சேசுராஜ். நான் ஆலம்பாடி நிருபர். இந்தா பாருங்க கார்டு."

"கார்டு கம்ப்யூட்டர்ல எவன் வேணா அடிப்பான்"னு ஒருத்தன் சொல்றான். இன்னொரு அடி விழுகுது.

"உங்க ஊரு சோலையப்பன் எழுதின மனுவைப் பாத்துத்தான்யா வந்தேன். மாவு மில் சோலையப்பன். அவரைக் கூப்பிடுங்கய்யா. அவரு சொல்லுவாரு."

கூட்டம் திரும்பி என்னைப் பாத்துச்சு.

தம்பி, நீங்க அந்த இடத்துல நின்னிருக்கணும். நின்னாத்தான் தெரியும். அத்தனை கண்ணும் என் மேல. கையில கம்பு வச்சிருக்கிறவன், கல்லு வச்சிருக்கிறவன், எல்லாரும். நாவலூத்துக்காரன் ஒருத்தன் கேக்குறான், "என்ன சோலையப்பண்ணே, உங்க பேரைச் சொல்றான். உங்களுக்கு இவனைத் தெரியுமா?"

எனக்கு அவரைத் தெரியாதுன்னு சொன்னேன்.

தெரியாதுதானே? நான் அந்த ஆளை அதுக்கு முன்னாடி பாத்ததே இல்லை. அவர் முகம் தெரியாது, பேரு தெரியாது. கேட்டாய்ங்க, சொன்னேன். அதுல என்ன பொய் இருக்கு? எடுத்துக் காட்டுங்க. "நீ மனு எழுதினியா"ன்னு ஒருத்தனும் கேக்கலை. கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருப்பேன். கேக்கலையே.

அதுக்குப் பெறகுதான் பலமா அடிச்சாய்ங்க.

நான் தள்ளித்தான் நின்னேன். கையைக் கட்டிக்கிட்டு நின்னேன், சாட்சி இருக்கு. அப்பத்தான் மேட்டுல இருந்து செவ்வந்தி ஓடி வர்றா. அவ குழுவுல கிடையாது. குழந்தை போன பெறகு அவ திருப்பூருக்குப் போகாம இங்கயே இருந்துட்டா, போனையே தொடுறதில்லை. சத்தம் கேட்டு வந்திருக்கா. கூட்டத்தைப் பொளந்துக்கிட்டு உள்ள போய் அந்த ஆளு மேலயே விழுந்துட்டா. ஓங்கின கம்பு அவ முழங்கையில பட்டுருச்சு. எங்க வீட்டுப் புள்ள கையில. எழுந்திரிச்சு நின்னு கத்துறா.

"காலையில என் வீட்டுக்கு வந்தாருடா. என் புள்ள எப்படிப் போச்சுன்னு கேட்டாரு. ஒருத்தர் கேட்டதில்லை இதுவரைக்கும், இவரு கேட்டாரு. உக்காந்து முழுசா எழுதிக்கிட்டாரு. சித்தப்பாவைப் பாக்கணும்னாரு, மில்லுல நெரிசலா இருக்கும், சாயங்காலம் பாருங்கன்னு நான்தான் சொன்னேன்."

அப்புறம் என்னைத் தேடுனா. கூட்டத்துல எங்கிட்டு நிக்கிறேன்னு கண்ணாலயே தேடி, கண்டுபிடிச்சா. பாத்தா. அம்புட்டுத்தான்.

கூட்டம் கலைஞ்சுருச்சு. நாவலூத்துக்காரனுக பைக்கை எடுத்துக்கிட்டுப் பறந்துட்டாய்ங்க. ஆம்புலன்ஸ் வந்துச்சு. அந்தக் கரையில நின்னுக்கிட்டு லைட்டைச் சுத்தவிட்டுச்சு. அந்த ஆளுக்கு நினைவு இல்லை. மூங்கில் கம்பு, சேலை. செவ்வந்தி சேலைதான். அன்னைக்கும் முன்கம்பு என் தோள்லதான் தம்பி. நானாத்தான் போய்ப் பிடிச்சேன், யாரும் கூப்பிடலை. ஓடையில இறங்கித் தூக்கிட்டுப் போய் ஆம்புலன்ஸ்ல ஏத்தினேன். அது எந்தப் பேப்பர்லயும் வரலை. எப்.ஐ.ஆர்.லயும் இல்லை. வக்கீல்கிட்டச் சொன்னேன், "அதைப் பெறகு பாக்கலாம்"னுட்டாரு.

மறுநாள் வந்தாய்ங்க பாருங்க. ஓடைக்கரை பூரா காரு. எத்தனை மைக்கு, கூரையில ஆன்டனாக் குடை வச்ச டி.வி. வண்டி எத்தனை. அக்கரையில நிப்பாட்டிட்டு, பேண்டைச் சுருட்டிக்கிட்டு, செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடையில இறங்கி வர்றாய்ங்க. இறங்கும்போது ஒருத்தனுக்காவது தோணுச்சா, "ஏன்டா இங்க பாலம் இல்லை"ன்னு? ஒரு பொண்ணு தண்ணியில வழுக்கி விழுந்து, எங்க ஆளுகதான் கையைப் பிடிச்சுத் தூக்கினாய்ங்க. தூக்கினவன்கிட்டயே மைக்கை நீட்டி, "உங்க கிராமத்துக்கு ஏன் இவ்வளவு வெறி"ன்னு கேக்குது. நான் போய் நின்னேன், மனுவோட நகலையெல்லாம் கையில வச்சுக்கிட்டு. "இதைப் பாருங்கம்மா, நான் எழுதினது." "நீங்கதானே அந்த மெசேஜ் போட்டது"ன்னு என் மூஞ்சியில லைட்டைப் போட்டாய்ங்க. "வெறிபிடித்த கிராமம்"னு டி.வி.யில ஓடுது. ரெண்டு நாள் ஓடுச்சு. மூணாவது நாள் எங்கேயோ எவனோ மரத்துல ஏறிட்டான்னு எல்லா வண்டியும் அங்கிட்டுப் போயிருச்சு. எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே. புள்ள செத்தப்ப வராதவன், பஸ் நின்னப்ப வராதவன், பழி சுமத்த மட்டும் வழி தெரிஞ்சு வந்துட்டான்.

என்னைப் புடிச்சு உள்ள வச்சாய்ங்க. அடிச்சவனுகளையும் வச்சாய்ங்க. குழுவை மூடிட்டாய்ங்க. நான் ஜெயில்ல இருந்து வந்து மில்லைத் திறந்தா, பொம்பளைக தானியத்தைக் கொடுத்துட்டு அந்தப் பக்கம் போய் நிக்கிறாய்ங்க. அரைச்சதும் வாங்கிக்கிட்டுப் போயிருறாய்ங்க.

அந்த சேசுராஜ் ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தாரு. வலது கை மணிக்கட்டுல கம்பி வச்சிருக்காங்க. ஒரு காது சரியாக் கேக்காதாம். மாசி மாசம் பேப்பர்ல எழுதியிருந்தாரு. கூட்டுரோட்டு டீக்கடையில படிச்சேன். நான் நினைச்சேன், என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டிருப்பாருன்னு. இல்லை தம்பி. அடி வாங்கினதைப் பத்தி ஒரு வரிகூட இல்லை. பாலத்தைப் பத்தி எழுதியிருக்காரு. எந்த வருசம் பேந்துச்சு, எந்த ஆபீஸ்ல அது கிடக்கு, எத்தனை புள்ளைக தாண்டுதுக, எல்லாம். செவ்வந்தி கதை முழுசா இருந்துச்சு. அவ சொன்னபடியே. கூட்டியும் எழுதலை, குறைச்சும் எழுதலை. டீக்கடைக்காரன் படிச்சுட்டுக் கண்ணைத் துடைச்சான்.

பங்குனியில அதிகாரிக வந்து ஓடையை அளந்துட்டுப் போயிருக்காங்க. கல்லு நட்டிருக்கு. சரிதான், நல்லதுதான். ஆனா ஒண்ணு கேக்குறேன். அந்தக் கட்டுரையில என் பேரு எங்க? முழுப் பக்கத்துல ஒரு இடத்துலயாவது, "மாவு மில் சோலையப்பன் என்பவர் விடாமல் எழுதிய மனுவால்"னு ஒரு வரி? யாரு எழுதி இவரு வந்தாரு? நான் எழுதலைன்னா இவருக்குச் சங்கம்பாறைன்னு ஒரு ஊரு இருக்கிறது தெரியுமா?

அதை நேர்லயே கேட்டேன். கல்லு நட்ட பெறகு ஒரு நாள் ஊருக்கு வந்தாரு. மொபெட்டை அக்கரையில விட்டுட்டு நடந்து வர்றாரு. ஊரு கதவைச் சாத்திக்கிச்சு. நேரா மில்லுக்கு வந்தாரு. நான் மோட்டாரை நிப்பாட்டலை. அவரா கையைக் காட்டினாரு, காது கேக்கலைன்னு. நிப்பாட்டினேன்.

"உங்க மனு எங்க ஆபீஸ்ல ஒரு மூலையில கிடந்துச்சு. வேற எதையோ தேடும்போது கிடைச்சது. முன்னாடியே வந்திருக்கணும். வரலை. அது எங்க தப்பு"ன்னாரு.

"இப்ப ஒத்துக்கிட்டு என்ன பிரயோசனம்? இத்தனை வருசம் எங்க போயிருந்தீங்க?"

"இந்த வட்டாரம் பூராவுக்கும் நான் ஒருத்தன்தான் அண்ணே. பழைய மொபெட் ஒண்ணு. பகல்ல இன்சூரன்ஸ் பிடிக்கிறேன், அதுலதான் சாப்பாடு. செய்திக்கு அவங்க கொடுக்கிறது பெட்ரோலுக்குப் பத்தாது."

"அதுக்கு நாங்க என்ன செய்ய?"

அவர் ஒண்ணு கேட்டாரு. கோவமாக்கூடக் கேக்கலை, ஏதோ விலாசம் விசாரிக்கிற மாதிரி. "அண்ணே, அந்த மத்தியானச் சேதி, அதை உங்களுக்கு யாரு சொன்னது?"

"நாவலூத்துக் குழு."

"அவங்களுக்கு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டீங்களா?"

என்னை, என் மில்லுல நின்னுக்கிட்டு. நான் மோட்டாரைப் போட்டுட்டேன் தம்பி. வேற என்ன செய்ய. அவரு உதடு அசையுது, ஒண்ணும் கேக்கலை. போயிட்டாரு. என் பேரு ஏன் போடலைன்னு நான் கேட்டதுக்கு மட்டும் பதிலே வரலை. இல்லை, கேட்டேனா? கேட்டேன்னுதான் நினைக்கிறேன்.

நேரா எங்க போனாருன்னு நினைக்கிறீங்க? செவ்வந்தி வீட்டுக்கு. அவதான் இப்ப அவருக்கு ஊர்ச் செய்தி சொல்றவ. போனைத் தொடாதவ, இப்ப தினம் அவருக்குப் போன் போடுறா. அதோட விட்டாளா? ரேஷன் கடைச் சுவத்துல பழைய கரும்பலகை ஒண்ணு சும்மா கிடந்துச்சு. அதைக் கழுவி, கரி பூசி, தினமும் காலையில எழுதுறா. தண்ணி எந்தத் தெருவுக்கு, டாக்டரம்மா என்னைக்கு வர்றாங்க, பாலத்துக் கோப்பு எந்த மேசைக்குப் போயிருக்கு. ஒவ்வொரு சேதிக்கும் அடியில "சொன்னவர்: இன்னார்"னு பேரு. நான் நினைச்சேன், பேரு போட்டா எவன் வாயைத் திறப்பான், ஒரு வாரத்துல பலகை காலியாக் கிடக்கும்னு. சொல்றாய்ங்க தம்பி. வரிசையில நின்னு சொல்றாய்ங்க. "என் பேரைப் போடு, நான் பாத்தேன்"ங்கிறாய்ங்க. நான் ஒரு வருசமா ஒத்தையில ஓடியாடிப் பாத்த வேலையை, சாக்கட்டித் துண்டை வச்சுக்கிட்டு அவ பாக்குறா. எங்க அண்ணன் மக. அன்னையில இருந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. துட்டி வீட்டுல எதுக்க வந்தாக்கூட ஒதுங்கிப் போவா.

நேத்து வந்தா.

சாயங்காலம், மில்லுல யாரும் இல்லை. வாசல்ல வந்து நிக்கிறா. அந்த முழங்கை இன்னும் முழுசா நீட்ட வரலை அவளுக்கு. எனக்கு ஒரு நிமிசம் சந்தோசமா இருந்துச்சு, பொய் சொல்வானேன். "வா ஆத்தா, உள்ள வா"ன்னேன். அவ வரலை.

"சித்தப்பா, பலகையில எழுதணும். அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ஊர்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அவங்கவங்க சொன்னதை அவங்கவங்க பேரைப் போட்டு எழுதிக்கிட்டு வர்றேன். அடிச்சவங்ககூடச் சொல்லிட்டாங்க. நீங்க சொல்றது மட்டும்தான் பாக்கி."

"கோர்ட்டுல இருக்கு. வக்கீலைக் கேட்டுத்தான் சொல்லணும்."

"கோர்ட்டுக்கு வேண்டியதை நான் கேக்கலை. அவரு உங்க பேரைச் சொன்னப்ப, நீங்க தெரியாதுன்னு சொன்னீங்க. ஏன் சித்தப்பா?"

தம்பி, இத்தனை மாசமா இன்ஸ்பெக்டர் கேட்டாரு, வக்கீல் கேட்டாரு, டி.வி.க்காரன் கேட்டான். எல்லாருக்கும் உங்களுக்குச் சொன்ன பதிலைத்தான் சொன்னேன். முகம் தெரியாது, பேரு தெரியாது, கேட்டாய்ங்க, சொன்னேன். அதுல ஒரு ஓட்டை கிடையாது. அதை அவகிட்டயும் சொல்ல வாயைத் திறந்தேன். அவ அப்படியே நின்னு பாத்துக்கிட்டு இருக்கா, கை விரல்ல சாக்கட்டித் தூளோட. ஓடையில தூக்கிட்டுப் போகும்போது "கால் வழுக்குதா"ன்னு கேட்டாளே, அந்த முகம். அதை விட்டுட்டு, அரைக்க லோடு இருக்குன்னு சொன்னேன். லோடே இல்லை. வெறும் மில்லை ஓட்டினேன்.

அவ போகும்போது, "இடம் விட்டு வைக்கிறேன்"னு சொல்லிட்டுப் போனா. எனக்கு அப்ப விளங்கலை.

எவ்வளவு திமிரு பாருங்க. நான் வளத்த புள்ள. நான் கட்டிக் கொடுத்த புள்ள. இந்தத் தோள்ல தூக்கின புள்ள.

இன்னைக்குக் காலையில ஸ்டேஷனுக்குக் கிளம்பி ரேஷன் கடை வழியாத்தான் வந்தேன், வேற வழி இல்லை. பலகையைச் சுத்தி ஆளுக நிக்கிறாய்ங்க. என்னைப் பாத்ததும் விலகி வழி விட்டாய்ங்க. எல்லாரும் சொன்னது வரிசையா எழுதியிருக்கு, அடியில அவங்கவங்க பேரு. கடைசியில ஒரு முழத்துக்கு இடம் விட்டிருக்கா. அதுல ஒண்ணும் எழுதலை. அதுக்குக் கீழ மட்டும், "சொன்னவர்: மாவு மில் சோலையப்பன்"னு எழுதி வச்சிருக்கா.

ஸ்டேஷன் ஸ்டாப் வந்துருச்சு. கொஞ்சம் காலை ஒதுக்குங்க தம்பி, நான் இறங்கணும்.